தாழ்த்திய காரில் வீல் அலைன்மென்ட்: நூலும் தூக்குக்குண்டும் கொண்டு அளந்து சரிசெய்யும் முறை

காரைத் தாழ்த்திய நான்காவது மாதத்தில், பஞ்சர் ஒட்டுவதற்காக முன் சக்கரத்தைக் கழற்றிய கடைக்காரர் அதைத் திருப்பிக் காட்டியபோதுதான், உள் ஓரத்தில் ரப்பர் முழுவதும் போய்க் கம்பி வெளியே தெரிவதைப் பார்த்தேன். வெளிப்பக்கமிருந்து பார்த்தால் பாதித் தேய்மானம்கூடத் தெரியாத டயர் அது. ஓடியிருந்தது 6,000 கிலோமீட்டர்தான். "இறக்கின வண்டின்னா கேம்பர் இப்படித்தான் சார் டயரைத் தின்னும்" என்றார் அவர். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அன்றுவரை அப்படித்தான் நம்பியிருந்தேன். வீட்டுக்கு வந்து நூல் கட்டி அளந்தபோது, கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், ஒன்றேகால் டிகிரிதான் உள்பக்கம் இருந்தது. ஆனால் இரண்டு முன் சக்கரங்களும் ரிம் விளிம்பில் தலா 3 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. டயரைத் தின்றது அந்த 3 மில்லிமீட்டர்தான்.

கணக்கு எளிது. 15 அங்குல ரிம்மின் வெளி விளிம்பு ஏறத்தாழ 41 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. அதில் 3 மில்லிமீட்டர் என்பது 0.4 டிகிரிக்குச் சற்று மேல். அந்தக் கோணத்தில் திரும்பியிருக்கும் சக்கரம், வண்டி நேராகப் போகும்போது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழு மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே உருள்கிறது. சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் அந்த ரப்பர் தார்ச்சாலையில் உரசப்பட்டிருக்கும். ஒன்றேகால் டிகிரி கேம்பருக்கு இப்படிப்பட்ட இழுவை கிடையாது. அது டயரின் பாரத்தை உள் ஓரத்தின் பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறது, அவ்வளவுதான். டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, பிழையாக இருக்கும்போது, அந்த உரசல் முழுவதையும் பாரம் அதிகமான உள் ஓரமே வாங்கிக்கொள்கிறது என்பதால், பழி கேம்பர் மீது விழுகிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மாருதி ஸ்விஃப்ட்டின் 2018-ஆம் ஆண்டு மாடல். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் நிற்கும் தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் முறுக்கு உத்திரம்), 185/65 ஆர்15 டயர், கம்பெனி தரும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர், அதிலிருந்து 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங். போலோ, ஐ20, பலேனோ போன்ற வண்டிகளின் அமைப்பும் இதேதான் என்பதால், முறை அவற்றுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் விவரக்குறிப்போடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆகவே தாழ்த்தும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தாழ்த்திய வண்டி கையில் இருப்பவர், அதைச் சாலையில் பத்திரமாக ஓட்டுவதற்குச் செய்ய வேண்டியதைத்தான் கீழே எழுதுகிறேன்.

தாழ்த்தும்போது என்ன மாறுகிறது

வண்டி தாழும்போது சக்கரம் பாடியைவிட மேலே ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரத்தைக் கீழிருந்து பாடியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனையில் உள்ள பால் ஜாயின்ட் ஒரு வட்டத்தின் வளைவில் மேலே போகிறது. ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராடின் வெளிமுனையும் தனக்கென ஒரு வளைவில் மேலே போகிறது. கம்பெனி வைத்த உயரத்தில் இந்த இரண்டு வளைவுகளும் ஏறக்குறைய ஒட்டியே போகும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்த உயரத்தைவிட்டு 35 மில்லிமீட்டர் நகர்ந்ததும் இரண்டும் பிரியத் தொடங்குகின்றன. அதனால் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் பின்பக்கம் தள்ளப்படும் அல்லது இழுக்கப்படும், டோ மாறும். எந்தத் திசையில் எவ்வளவு மாறும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், அளக்காமல் சொல்லக்கூடாது.

கேம்பரும் உள்பக்கம் கூடும். என் வண்டியில் தாழ்த்துவதற்கு முன் இருபுறமும் பூஜ்யத்தை ஒட்டியிருந்தது, பின்னர் ஒரு பக்கம் ஒன்றேகால் டிகிரி, மறுபக்கம் முக்கால் டிகிரி. இந்த இடது வலது வேறுபாடுதான் வண்டியை ஒரு பக்கம் இழுக்க வைக்கும். லோயர் ஆர்ம் ஸ்ட்ரட்டுக்குச் செங்கோணத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், அதற்கு மேல் அமுங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பால் ஜாயின்ட் உள்ளே இழுக்கப்பட்டு, கேம்பர் திரும்பக் குறைய ஆரம்பிக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் டயரின் தோளில் நிற்பதற்கு இதுவே காரணம். இந்த வகை வண்டியை 40 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எந்த அலைன்மென்ட்டும் அந்தக் கோணத்தைச் சரிசெய்யாது.

காஸ்டரில், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தில், மாற்றம் குறைவு. ஆனால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகமாகத் தாழ்ந்தால் மொத்த வண்டியும் முன்னால் குனிகிறது. இந்த ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் 2,450 மில்லிமீட்டர். முன்பக்கம் 20 மில்லிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்தால் ஏறக்குறைய அரை டிகிரி காஸ்டர் போய்விடும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில் ஒரு சோம்பல் தெரிந்தால், முதலில் இந்த உயர வேறுபாட்டைப் பாருங்கள்.

அளக்கும் முன்

ஸ்பிரிங் மாற்றிய அன்றே அலைன்மென்ட் பார்ப்பது வீண். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கும். என் வண்டிக்கு அலைன்மென்ட் செய்த கடை, ஸ்பிரிங் மாட்டிய ஒரு மணி நேரத்தில் எல்லாம் பச்சையில் இருப்பதாக அச்சிட்டுக் கொடுத்தது. அந்தத் தாள் அன்றைக்குச் சரியானதுதான். அதன்பிறகு முன்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கியதை அது அறியாது. ஓட்டிச் செல்லும் அளவுக்கு டோவைத் தோராயமாகச் சரிசெய்துவிட்டு, 300 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டியபின் முழு வேலையைச் செய்யுங்கள்.

அதைவிடவும் பலர் தவறவிடுவது புஷ். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் இரும்போடு ஒட்டப்பட்டவை. ஆர்ம் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். உயரம் பொய்யாகக் காட்டும், சில மாதங்களில் புஷ் கிழியும். ஆகவே ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, பானெட்டை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, சக்கரங்கள் பாரம் தாங்கும் நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். பின்பக்க டார்ஷன் பீமின் இரண்டு பெரிய புஷ்களுக்கும் இதே விதி.

பிறகு ஆட்டம் பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் வருவது டை ராட் எண்ட் அல்லது டை ராடுகளை இடமும் வலமும் தள்ளும் ரேக். ஆட்டமுள்ள பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது ஓடும் தண்ணீரில் கோடு போடுவதற்குச் சமம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இந்தத் தூக்கலின்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக நிற்க வேண்டும். கையால் சுழற்ற முடிந்தால், அது சுருள் வெட்டித் தாழ்த்திய ஸ்பிரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம்; பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது இடம் மாறி உட்காரும். அந்த வண்டிக்கு முதலில் தேவை சரியான ஸ்பிரிங்.

தரை, பாரம், உயரம்

வீட்டு வாசலிலும் இந்த வேலையைத் துல்லியமாகச் செய்யலாம், தரை மட்டமாக இருந்தால். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலே இதற்குப் போதும். பத்து மீட்டர் ஒளிபுகும் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களுக்கிடையே மட்டம் பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் 5 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தால், கேம்பர் அளவில் ஏறத்தாழ 0.2 டிகிரி பொய் சேரும். தாழ்ந்த இடத்தில் ஒட்டுப்பலகைத் துண்டுகளையோ தகடுகளையோ அடுக்கி மட்டப்படுத்தி, சக்கரம் நிற்கும் நான்கு இடங்களையும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

முன் சக்கரங்களுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுகளை வைத்து, இரண்டுக்கும் நடுவே தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள். டை ராடைத் திருப்பும்போது டயர் தரையைக் கவ்விக்கொண்டு நிற்காமல் தகடோடு நகர்ந்துகொடுக்கும். தரை டைல்ஸை வைத்துச் செய்பவர்கள் உண்டு; பாரத்தில் அவை சட்டென்று உடைவதைப் பார்த்திருப்பதால் நான் இரும்பையே பயன்படுத்துகிறேன். பின் சக்கரங்களுக்கு அடியில் அதே 6 மில்லிமீட்டர் கனத்துக்குப் பலகை வைக்க மறக்கக்கூடாது.

நான்கு டயர்களிலும் குளிர்ந்த நிலையில் ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள். பெட்ரோல் பாதி டேங்க். டிக்கியில் வழக்கமாக இருக்கும் பொருள்கள் மட்டும். தாழ்த்திய வண்டியில் பாரத்துக்கேற்ப டோ மாறும் என்பதால், ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுபவரின் எடைக்கு ஈடாக 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டோ மூன்றோ வைத்துவிடுங்கள். எப்போதும் இருவர் போகும் வண்டி என்றால் பக்கத்து இருக்கையிலும் வைக்க வேண்டும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் மையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டரின் விளிம்புவரை அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டயர் காற்றும் தேய்மானமும் இந்த அளவைப் பாதிக்காது. இடதுக்கும் வலதுக்கும் 5 மில்லிமீட்டருக்குள் வேறுபாடு இருந்தால் மேலே போகலாம். காயில்ஓவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்) மாட்டியவர்கள் உயரத்தை இப்போதே முடிவுசெய்துவிட வேண்டும். பிறகு ஒரு சுற்று திருகினாலும் கீழே சொல்லும் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டிவரும்.

நூல் கட்டுதல்

ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றி, மொத்தச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். அதுதான் ரேக்கின் நடு. ஸ்டீயரிங் வீல் அங்கே கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, டை ராடுகளைத் திருத்தும்போது அது நேராகிவிடும். அந்த நிலையில் அசையாமல் இருக்க ஸ்டீயரிங்கைக் கயிற்றால் இருக்கையோடு கட்டிவிடுங்கள்.

வண்டியின் அகலம் 1,735 மில்லிமீட்டர். அதைவிட நீளமான, 2 மீட்டர் கொண்ட நேரான அலுமினியக் குழாய்கள் இரண்டை எடுத்து, இரண்டிலும் மிகச் சரியாக ஒரே இடைவெளியில், உதாரணமாக 1,900 மில்லிமீட்டரில், ரம்பத்தால் மெல்லிய வெட்டுகள் போடுங்கள். ஒரு குழாயை முன் பம்பருக்கு முன்னாலும் மற்றதைப் பின் பம்பருக்குப் பின்னாலும், சக்கர மையத்தின் உயரத்தில் ஸ்டாண்டுகள் மேல் வைத்து, வெட்டுகளின் வழியே மீன்பிடி நரம்பை இழுத்து, முனைகளில் பாரம் தொங்கவிடுங்கள். வெட்டுகளின் இடைவெளி ஒன்றே என்பதால் இரண்டு நரம்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். முன் சக்கர மையத்திலிருந்து நரம்புவரை இடதும் வலதும் ஒரே தூரம் வரும்படி முன் குழாயை நகர்த்துங்கள். பின் சக்கரங்களுக்கும் அப்படியே. முன்னும் பின்னும் சக்கரங்களுக்கிடையிலான அகலம் வேறுபடுவதால், முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இடதும் வலதும் ஒன்றாக இருந்தால் போதும். ஒரு முனையைச் சரிசெய்யும்போது மறுமுனை சற்று விலகும். மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் நடந்துதான் முடிக்க முடியும். அவசரப்பட்டால் மொத்த அளவும் கெடும் இடம் இது.

இனி ஒவ்வொரு சக்கரத்திலும் ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நரம்புவரை ஒரு அளவு, பின் விளிம்பிலிருந்து நரம்புவரை ஒரு அளவு. எஃகு ஸ்கேலின் முனையை ரிம்மில் ஒட்டி வைத்து, அரை மில்லிமீட்டர் வரை பார்த்து எழுதுங்கள். முன் விளிம்பின் தூரம் அதிகமாக இருந்தால் சக்கரம் உள்ளே பார்க்கிறது, அது டோ இன். பின் விளிம்பின் தூரம் அதிகமானால் டோ அவுட். 15 அங்குல ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 8 மினிட் கோணம் (ஒரு டிகிரிக்கு 60 மினிட்) என்பதை நினைவில் வைத்தால், கடையில் தரும் தாளோடு ஒப்பிடலாம். ரிம் சற்று நெளிந்திருந்தால் அளவு ஏமாற்றும். வண்டியை அரைச் சுற்று உருட்டி இன்னொரு முறை அளந்து, இரண்டின் சராசரியை எடுப்பது நல்லது.

பின் சக்கரங்களை முதலில் பாருங்கள்

டார்ஷன் பீமில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. இருபுறமும் சமமாகத் தாழ்ந்தால் அதன் டோவும் கேம்பரும் அதிகம் மாறாது. இரண்டு பின் சக்கரங்களின் டோவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சக்கரம் 3 மில்லிமீட்டர் உள்ளேயும் மற்றது 1 மில்லிமீட்டர் வெளியேயும் பார்த்தால், வண்டி நண்டு போலச் சற்றுக் கோணலாக நடக்கும், ஸ்டீயரிங் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அப்படியிருந்தால் பீமின் புஷ்களும் போல்ட்டுகளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதிலும் குறையில்லை என்றால் பீம் வளைந்திருக்கலாம். ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே வைக்கும் ஆப்புத் தகடுகள் கிடைக்கின்றன. வளைவு சிறியதானால் அவை போதும்.

கேம்பர்

ஃபெண்டரின் மேலிருந்து ஒரு தூக்குக்குண்டை, நூல் டயரின் கீழ்ப்புடைப்பில் படாதபடி சற்று வெளியே தள்ளித் தொங்கவிடுங்கள். குண்டு ஆடாமல் நிற்க, கீழே ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அதை இறக்கிவிட்டால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். ரிம்மின் மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் நூல்வரை அளந்தால், மேலளவில் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு உள்சாய்வு. 41 சென்டிமீட்டரில் 7 மில்லிமீட்டர் ஏறத்தாழ ஒரு டிகிரி. என் வண்டியில் இடதுபுறம் மேலே 62, கீழே 53 வந்தது. 9 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் டிகிரி.

தினமும் ஓட்டும் தாழ்த்திய வண்டிக்கு முன்பக்கம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி உள்சாய்வு பாதகமில்லை. வளைவில் அது உதவவும் செய்கிறது. கவலைப்பட வேண்டியது இடது வலது வேறுபாட்டுக்குத்தான். அதை 0.3 டிகிரிக்குள், அதாவது இந்த அளவில் 2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். கம்பெனி போல்ட்டிலேயே இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினால், துளைக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியளவுக்குச் சக்கரத்தின் தலை உள்ளும் புறமும் நகரும். வேண்டிய பக்கம் ஒருவர் தள்ளிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் இறுக்க வேண்டும். அது போதாதபோது மேல் துளையில் கேம்பர் போல்ட் போடலாம். நடுவில் மெலிந்து ஒருபுறம் புடைத்திருக்கும் அந்தப் போல்ட்டைத் திருப்பும்போது நக்கிள் சாய்ந்துகொடுக்கும். இறுக்கும் விசையை அந்தப் போல்ட்டோடு வரும் தாளில் பார்த்து, டார்க் ரென்ச்சால் மட்டுமே இறுக்குங்கள். இது சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைக்கும் போல்ட், கையளவில் மதிப்பிடும் இடமல்ல. காயில்ஓவரோடு, ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்தவிடும் கேம்பர் பிளேட் இருந்தால் வேலை எளிது, மேலேயே நகர்த்திவிடலாம். எப்படிச் செய்தாலும், முடித்ததும் டயரின் உள்சுவருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள்.

காஸ்டருக்கு இந்த வண்டியில் திருகு கிடையாது. சரிபார்க்க மட்டும், ஒரு சக்கரத்தை 20 டிகிரி வெளியே திருப்பிக் கேம்பர் அளந்து, பிறகு 20 டிகிரி உள்ளே திருப்பி அளந்து, இரண்டின் வேறுபாட்டை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும். இருபுறமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்த்திய வண்டிகள் வேகத்தடையிலும் பள்ளத்திலும் வாங்கும் அடியில் வளைவது பெரும்பாலும் அதுதான்.

டோ

கேம்பரை ஒரு டிகிரி நகர்த்தினாலே டோ பல மில்லிமீட்டர் மாறிவிடும். டோவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அதுதான், இந்த வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு முறை உழைக்க வேண்டும்.

டை ராடின் லாக் நட்டில் முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் அடித்துவையுங்கள். டை ராட் எண்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை இன்னொன்றால் தளர்த்துங்கள். ரேக்கின் ரப்பர் உறையைப் பிடித்திருக்கும் வெளிக்கிளிப்பையும் நகர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் டை ராடோடு சேர்ந்து உறையும் முறுக்கிக்கொண்டு கிழியும், உள்ளே மண் போகும், சில மாதங்களில் ரேக்கே போய்விடும். டை ராடில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திருப்புங்கள். ரேக் முன் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் டை ராட் நீண்டால் சக்கரம் உள்ளே பார்க்கும், குறுகினால் வெளியே பார்க்கும். ரேக் முன்னால் இருந்தால் இது தலைகீழ். என் வண்டியில் கால் சுற்றுக்கு ரிம்மில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. உங்கள் வண்டியில் எவ்வளவு என்பதை முதல் கால் சுற்றிலேயே அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வைப்பது இருபுறமும் சேர்த்து ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் டோ இன், அதாவது பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர். பூஜ்யமும் நல்லதே. டயர் ஆயுளுக்காகச் செய்யும் அலைன்மென்ட்டில் டோ அவுட் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ரேஸ் ஓட்டுபவர்கள் வளைவில் முகம் சட்டென்று திரும்புவதற்காக அதை வைப்பதுண்டு, அவர்களுக்கு டயர் ஒரு வார இறுதிக்குத்தான்.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பானெட்டை இருமுறை அமுக்கிவிட்டு, பிறகு அளக்க வேண்டும். இரண்டு சக்கரங்களும் நரம்புக்குச் சமமாக வந்து, ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணலாக இருந்தால், வீலைக் கழற்றி மாட்டாதீர்கள். ஒரு டை ராடை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அவ்வளவு மற்றதைக் குறைத்தால், மொத்த டோ மாறாமல் ஸ்டீயரிங் நேராகும். கடைசியில் இரு டை ராடுகளிலும் வெளியே தெரியும் மரைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று நான்கு மரைக்கு மேல் வேறுபாடு இருந்தால், எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது அல்லது ரேக் நடுவில் நிற்கவில்லை. லாக் நட்டை இறுக்கும்போது டை ராட் சேர்ந்து திரும்பிவிடும் என்பதால், இறுக்கியபின் இன்னொரு முறை அளக்காமல் நரம்பை அவிழ்க்காதீர்கள்.

இதோடு ஒரு சோதனை. நான்கு பேரை வண்டியில் உட்காரவைத்து டோவை மறுபடி அளங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால், டை ராடும் லோயர் ஆர்மும் தம் வளைவுகளில் வெகுதூரம் பிரிந்துவிட்டன என்று பொருள். மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் துடிப்பதும் இதனால்தான். வண்டியைப் 10 மில்லிமீட்டர் உயர்த்துவதே இதற்கு மலிவான, நிலையான தீர்வு.

சாலையில்

நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காகச் சாலை இடதுபக்கம் சரிந்திருக்கும். ஸ்டீயரிங்கை லேசாக விட்டதும் வண்டி மெல்ல இடதுபுறம் ஒதுங்கினால், அதை உடனே வண்டியின் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாகனம் இல்லாத நான்குவழிச் சாலையில், சரிவு வேறுபடும் இடங்களில் ஓட்டிப் பார்த்து, சரிவு மாறினாலும் ஒரே பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். அப்படி இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் திசை மாறினால் டயரின் குறை, மாறாவிட்டால் கேம்பர் அல்லது காஸ்டர் வேறுபாடு. ஒருதிசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்களில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது.

1,000 கிலோமீட்டர் ஓடியபின், வண்டி ஆறியதும், உள்ளங்கையை டயரின் முகத்தில் வைத்துக் குறுக்காகத் தடவுங்கள், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலக் கையில் தட்டுப்படுவதாகவும் இருந்தால் டோ இன்னும் தவறு. கண்ணுக்குத் தெரியும் தேய்மானம் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே கை இதைச் சொல்லிவிடும். உள்ளே போகும்போது கூர்மை, வெளியே வரும்போது வழுவழுப்பு என்றால் டோ அவுட் பக்கம் சாய்கிறது என்பது என் வண்டியில் கண்டது. சந்தேகமிருந்தால் நரம்பு கட்டி அளப்பதே முடிவு.

வீட்டில் இடமில்லாதவர்கள் கேமரா வைத்த அலைன்மென்ட் கடைக்கே போகலாம். அங்கேயும் மேலே சொன்ன தயாரிப்புகளை முடித்துவிட்டுப் போங்கள். கணினியில் உள்ள அளவுகள் கம்பெனி உயரத்துக்கு உரியவை என்பதால், கேம்பர் சிவப்பில்தான் காட்டும். அதைப் பச்சையாக்கப் போராடச் சொல்லாதீர்கள். "அண்ணே, கேம்பர் ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருந்தா போதும், டோவை மட்டும் பக்கத்துக்கு 4 மினிட் உள்ளே வச்சுக் கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கேளுங்கள். இ.எஸ்.பி. (சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியாக இருந்தால், ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்யத்தையும் ஸ்கேனரால் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நேராகப் போகும்போதே திரும்புவதாக அது எண்ணிக்கொள்ளும்.

வண்டி தாழும்போது முகப்பு விளக்கின் நோக்கமும் மாறிவிடும். வீட்டுக்குத் திரும்பிய அன்று இரவே சுவரின் முன் நிறுத்தி, விளக்கின் வெட்டுக்கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து, விளக்குக்குப் பின்னாலுள்ள திருகில் சரிசெய்துவிடுங்கள். அதன்பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், பெரிய பள்ளத்தில் சக்கரம் விழுந்து அடிவாங்கிய மறுநாளும், முதலில் ஃபெண்டர் உயரத்தையும் பிறகு டோவையும் அளந்து, நோட்டில் முந்தின வரிக்குக் கீழே எழுதிவையுங்கள்.